மந்தைவெளியில் பெய்த வெல்லப்பாகு

கோபக்காரன் ஆதாரம் இல்லாமல் கத்தினால் பத்து நிமிடத்தில் தொண்டை வறண்டு அடங்கிவிடுவான். அவன் கையில் ஆதாரம் மட்டும் சிக்கவே கூடாது. எனக்கு மூன்று சிக்கின. மூன்றும் அசல் ஆதாரங்கள். அவற்றை வைத்துக்கொண்டு நான் என்ன கிழித்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் டூ வீலர் மெக்கானிக். மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் ஷெட் வைத்திருக்கிறேன். எழுதிப் பழக்கமில்லை. வாயில் வருவதை அப்படியே எழுதுகிறேன். (“அதுக்கு எழுதாமலே இருக்கலாம்” என்கிறாள் என் மனைவி செல்வி.)

ஷெட்டிலிருந்து மூன்றாவது கட்டடத்தில் குடியிருக்கிறோம். கீழே வண்டி நிறுத்தும் இடம். முதல் மாடியில் நாங்கள், இரண்டாம் மாடியில் வசந்தா அக்கா, அதற்கு மேல் மொட்டை மாடி. வசந்தா அக்காவுக்குப் பூர்வீகம் பட்டினப்பாக்கம். வீட்டிலேயே கமர்கட் செய்து மயிலாப்பூர்க் கடைகளுக்கும் பள்ளிக்கூட வாசல்களுக்கும் போடுகிறவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் வீட்டில் இரண்டு அடுப்பிலும் வெல்லப்பாகு கொதிக்கும். வீட்டுக்காரர் இறந்து பல வருடம் ஆகிறது. கமர்கட் விற்றுத்தான் மகள் கல்பனாவைக் கல்லூரியில் விலங்கியல் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஒரு தை மாதம், நான் புது ஸ்கூட்டர் வாங்கினேன். இருபது வருடமாக அடுத்தவன் வண்டியைத் துடைத்தவன், முதல்முறையாகப் பிளாஸ்டிக் உறை பிரிக்காத சீட்டில் உட்கார்ந்தேன். நீல நிறம். கட்டடத்தின் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி, யாரும் இடிக்காத இடமாகப் பார்த்து நிறுத்தினேன்.

நான்காம் நாள் காலையில் சீட்டைத் தொட்டேன். விரல் ஒட்டியது. சீட்டு, ஹேண்டில் பார், ஹெட்லைட் என்று எல்லா இடத்திலும் பொடிப்பொடியாகப் பிசுபிசுப்புத் துளிகள். தலையைத் தூக்கினேன். நேர் மேலே வசந்தா அக்காவின் சமையலறை ஜன்னல். உள்ளேயிருந்து வெல்லம் கொதிக்கிற வாசனை. போதாதா எனக்கு? படியில் இரண்டு இரண்டாக ஏறினேன்.

“இன்னாக்கா, ஜன்னல் வழியா பாகு ஊத்தறியா?”

“இன்னாது?”

“பாகு. வெல்லப்பாகு. என் புது வண்டி மேல.”

கரண்டியோடு வாசலுக்கு வந்தார். “ஏன் பாஸ்கரு, வெல்லம் இன்னா வெல விக்கிது தெரியுமா? சட்டியில ஒட்டினதையே வழிச்சு அடுத்த ஈடுல போட்டுக்கினு கீறேன். உன் வண்டிக்கு அபிஷேகம் பண்றதா நான் இன்னா வேண்டிக்கினா கீறேன்?”

நல்ல கேள்வி. வெல்லத்தைக் காசு கொடுத்து வாங்கி, காய்ச்சி, ஜன்னல் வழியாக எவள் ஊற்றுவாள்? எனக்கு அந்தக் கேள்வி காதில் ஏறவே இல்லை. பொறாமையில் ஊற்றுகிறார் என்று முடிவு கட்டிக்கொண்டு இறங்கினேன். (வசந்தா அக்காவுக்கு ஸ்கூட்டர் ஓட்டவே தெரியாது.)

இது முதல் ஆதாரம். இரண்டாவது தானாக வந்தது. சுவரில் எறும்பு வரிசை. தரையிலிருந்து கிளம்பி, என் வீட்டு ஜன்னலைத் தாண்டி, நேராக வசந்தா அக்காவின் சமையலறை ஜன்னலுக்கு. போலீஸ் நாய்கூட அவ்வளவு சரியாகப் போகாது. அந்த ஜன்னல் விளிம்பு வரை என் கண் போனது. அங்கேயே நிறுத்திக்கொண்டேன். வேண்டியது கிடைத்த பிறகு எதற்கு அதற்கு மேலே பார்க்க வேண்டும்?

வண்டிக்கு ஒரு கவர் வாங்கிப் போட்டேன். இரண்டு வாரத்தில் கவர் கருத்தது. என் ஜன்னல் சன்ஷேடும் கருத்தது. வேஸ்ட் துணியால் துடைத்தால் மை மாதிரி கறுப்பு. அடுப்புக் கரி! இது மூன்றாவது. அவர் வைத்திருப்பது கேஸ் அடுப்பு. கேஸ் அடுப்பில் ஏது அத்தனை கரி? வருகிற வண்டியின் புகையைப் பார்த்தே உள்ளே என்ன கோளாறு என்று சொல்கிற ஆள் நான். எனக்கு அது தோன்றவில்லை.

இந்த இடத்தில் என் தோட்டத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மொட்டை மாடியில் பைகளில் மண் நிரப்பி அவரை போட்டிருந்தேன். கைப்பிடிச் சுவர் ஓரமாக வைத்ததில் கொடி சுவர் தாண்டி வெளிப்பக்கம் தொங்கியது. நான் செடிக்குப் புதுசு. ஆனாலும் எனக்கு ஒரு முறை இருந்தது. ஷெட்டில் எந்த வண்டி வந்தாலும் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். ஆடாதது சரியான பார்ட், ஆடுவது கோளாறு. ஆடுவதை இறுக்கு, இல்லாவிட்டால் கழற்றி எறி. ஆடாததில் கை வைக்காதே. இருபது வருடம் என்னைக் காப்பாற்றிய விதி அது. அதையே அப்படியே அவரைக்குக் கொண்டு போனேன்.

கொடியின் கொழுந்திலும் பூக்காம்பிலும் கறுப்பாக, கடுகு கடுகாக, நெருக்கமாக ஏதோ அப்பியிருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். அசையவில்லை. சரி, அது செடியின் பாகம். பூ முற்றினால் அப்படி வரும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஆனால் அதற்கு நடுவே கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு குட்டி முதலை மாதிரி சில புழுக்கள் சுறுசுறுப்பாக ஓடின. சிவப்பாகப் பளபளவென்று சில வண்டுகளும் திரிந்தன. அசைகிறதா? கோளாறு. தினமும் காலையில் செருப்பைக் கழற்றிக்கொண்டு போய் ஒன்று விடாமல் நசுக்கினேன். எறும்பும் அசையத்தான் செய்தது. ஆனால் எறும்பு உழைக்கிற ஜாதி என்று விட்டுவிட்டேன். விதியில் அது ஒன்றுக்குத்தான் விலக்கு.

அவரைக்கொடி இருக்கட்டும். ஆதாரம் மூன்று சேர்ந்ததும் வீட்டு ஓனருக்குப் புகார் எழுதினேன். ஓனர் சேஷாத்ரி சார் தி. நகரில் இருக்கிறார். பழைய காலத்து அரசாங்க உத்தியோகம். வாயால் சொன்னால் எடுபடாது, எழுத்தில் வேண்டும். ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து நானே வாசகம் சொன்னேன்: “மேற்படி இனிப்புத் திரவம் யாருடைய பகுதியிலிருந்து விழுகிறதோ, அவர்கள் இந்த மாத இறுதிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.”

செல்வி படித்துப் பார்த்தாள். “அவங்க பேரு எங்க?”

“பேரு போட்டா நான் சண்டைக்காரன் மாதிரி தெரியும். இது பொதுவா இருக்கு பாரு, நியாயமா.”

“நீ சண்டைக்காரன்தானேய்யா?”

சேஷாத்ரி சார் கீழே ‘சம்மதம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நேரில் வந்து விசாரிப்பதாகவும் சொன்னார். நகலை வசந்தா அக்கா வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் மேலே கரண்டிச் சத்தம் இல்லை. வசந்தா அக்கா இறங்கி வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

“பாஸ்கரு, வூட்டுக்குள்ள ரெண்டு அடுப்பு எரிய வுடற ஓனரு இந்த ஏரியாவுல இவரு ஒருத்தருதான். இங்கேருந்து கெளப்பினா நான் பெருங்குடி தாண்டித்தான் போவணும். அங்கேருந்து கடைக்கு எப்பிடி வருவேன், இவ காலேஜுக்கு எப்பிடிப் போவா? இன்னும் ஒன்னரை வருசம்தான் கீது அவ படிப்பு.”

“அத பாகு ஊத்தறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்க்கா.”

இப்படித்தான் சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. அன்றைக்கு வாய் கூசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சேஷாத்ரி சார் ஆட்டோவில் வந்து இறங்கினார். “சட்டுனு சொல்லு பாஸ்கர். ஆத்துல தளிகை ஆறதுக்குள்ள நான் போயாகணும்.”

துளி விழட்டும் என்று முந்தின ராத்திரியே கவரை உருவி வைத்திருந்த வண்டியைக் காட்டினேன். எறும்பைக் காட்டினேன். கரியைத் துணியில் துடைத்துக் காட்டினேன். வக்கீலுக்குப் படித்திருக்கலாம் என்று எனக்கே தோன்றியது. வசந்தா அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“சார், இது எங்க பாகே இல்ல. கமர்கட்டுக்கு உருட்டுப் பதத்துல எடுப்பேன், வுழுந்தா கல்லு மாதிரி வுழும். இது தண்ணி கணக்கா கீது.”

“தண்ணியா? இரு, நான் பாத்து சொல்றேன்” என்றேன்.

விரலில் தொட்டு வைத்திருக்கலாம். என் கோபத்துக்கு விரல் போதவில்லை. குனிந்தேன். ஹெட்லைட்டின் ஒரு கோடியில் நாக்கை வைத்து மறு கோடி வரை ஒரே இழுப்பாக இழுத்தேன்.

“பாகுதான் சார்! ஏலக்காகூட வருது!”

(ஏலக்காய் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

சேஷாத்ரி சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “ஒருத்தர் சொல்றத வச்சு நான் முடிவு பண்றதில்லை. நானும் பாக்கணும். நீ நக்காத இடமா ஒண்ணு காட்டு.”

பின் சீட்டைக் காட்டினேன். மோதிர விரலால் தொட்டு, தீர்த்தம் மாதிரி நாக்கில் விட்டுக்கொண்டார். கண்ணை மூடினார். “தித்திப்பு இருக்கு. ஆனா ஏலக்காய் இல்லை.”

வசந்தா அக்காவுக்கு அது தாங்கவில்லை. காலி செய்யச் சொன்னதைக்கூடப் பொறுத்தவர், இதைப் பொறுக்கவில்லை. “ஏலக்கா போடாம இந்தக் கையி கமர்கட்டே உருட்டினதில்ல சார்! நவுருங்க!” என்று அவரும் ஹேண்டில் பாரில் விரலைத் தேய்த்து வாயில் வைத்தார். தொழில்காரர் அல்லவா, ஒரு தடவையில் விடவில்லை. இரண்டாவது தடவையும் வைத்தார். “வெல்லமே இல்ல இது. சர்க்கரத் தண்ணி.”

“வெல்லம்தான்” என்று நான் இன்னொரு நக்கு நக்கினேன்.

“நாட்டுச் சக்கரையா இருக்குமோ?” என்று சேஷாத்ரி சாரும் இன்னொரு விரல் தொட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கல்பனா, தோழி வீட்டில் படிக்கப் புத்தகப் பையோடு படியிறங்கி வந்தாள். வளர்ந்த மனிதர்கள் மூன்று பேர் ஒரு ஸ்கூட்டரைச் சுற்றி நின்று ருசி பார்த்துக்கொண்டிருக்கிறோம். பையைக் கீழே போட்டாள்.

“அம்மா! துப்பு! துப்பு! எல்லாரும் துப்புங்க! அது பூச்சி பேண்டது!”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் துப்பினோம்.

“எந்தப் பூச்சி?” என்று கேட்டார் சேஷாத்ரி சார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“அசுவினி சார். மேல பாருங்க.”

மூன்று பேரும் அண்ணாந்தோம். சேஷாத்ரி சாரின் கண்ணாடியில் ஒரு துளி விழுந்தது. வசந்தா அக்கா வீட்டு ஜன்னலுக்கு மேலே நான் முதல்முறையாகப் பார்த்தேன். எறும்பு வரிசை ஜன்னலில் நிற்கவில்லை. விளிம்பைச் சுற்றிக்கொண்டு மேலே போனது. மேலே, சுவர் தாண்டித் தொங்கிக்கொண்டு, என் அவரைக்கொடி.

“ஏண்டி, இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?” என்றார் வசந்தா அக்கா, துப்பிக்கொண்டே.

“யாரு என்னைக் கேட்டீங்க? பாகு பாகுன்னு சண்டை போட்டுக்கினு இருந்தீங்க. அண்ணன் வண்டிய மூடி வச்சிட்டாரு. இன்னைக்குத்தானே கண்ணால பாக்குறேன்?”

சத்தம் கேட்டு வந்த செல்வியும் சேர, எல்லோரும் மொட்டை மாடிக்குப் போனோம். கல்பனா பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்து என் கையில் கொடுத்தாள். கறுப்புக் கடுகு என்று நான் நினைத்தது அத்தனைக்கும் ஆறாறு கால் இருந்தது. உருண்டை உடம்பு. பின்னால் இரண்டு குழாய்.

“சைலன்சர் ரெண்டு கீதே!” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“அதுல இனிப்பு வராதுண்ணா. இனிப்பு வர்ற ஓட்டை அதுக்குக் கீழ. இதைச் செடிப்பேன்னும் சொல்லுவாங்க. ஆனா பேன் ஜாதி இல்ல, மூட்டைப்பூச்சிக்குத்தான் தூரத்துச் சொந்தம். வாயி ஊசி மாதிரி. செடி நரம்புல குத்திட்டு அப்பிடியே உக்காந்துக்கும், அசையாது. சாறு தானா உள்ள ஏறும். அதுல சர்க்கரைதான் ஜாஸ்தி, சத்து கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்காக லிட்டர் கணக்கா குடிக்கிற மாதிரி குடிச்சிட்டு, மிச்ச சர்க்கரையைப் பின்னாடி வுட்டுரும்.”

“ஓவர்ஃப்ளோ.”

“ஆமா, ஓவர்ஃப்ளோதான். அதைக் குடிக்கத்தான் எறும்பு வருது. சும்மா குடிக்காது, இதுக்குக் காவலும் இருக்கும். மிச்சம் கீழ கொட்டுற இடத்துல கறுப்பா பூஞ்சாணம் புடிக்கும். நீங்க கரின்னு சொன்னது அதான்.”

மூன்று ஆதாரமும் ஒரே நிமிடத்தில் என் பக்கம் திரும்பி நின்றன.

“இத்தனை எப்படிம்மா வந்தது?” என்றார் சேஷாத்ரி சார்.

“இதுல ஆம்பளையே இல்ல சார். நம்ம ஊர்ல எல்லாமே பொம்பளைதான். ஆம்பளை இல்லாமலே குட்டி போடும். முட்டைகூட இல்ல, நேரா குட்டி. வயித்துல இருக்குற குட்டிக்குள்ள அடுத்த குட்டி இப்பவே வளர ஆரம்பிச்சிருக்கும். ஒரு வாரத்துல அதுவும் அம்மா ஆயிடும்.”

“பெருமாளே!”

“ஆம்பள இல்லாம குடும்பம் நடத்தறதுல இன்னா அதிசயம் கீது?” என்றார் வசந்தா அக்கா.

கல்பனா கொழுந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “யூரியா போட்டீங்களாண்ணா?”

“கொஞ்சம். ரெண்டு கை.”

“அதான் கொழுந்து தளதளன்னு இருக்கு, இதுங்களுக்கு விருந்து. ஆனாலும் ஒண்ணு புரியல. இவ்ளோ இருந்தா பொறிவண்டு தேடி வந்திருக்கணுமே. அதோட புழு முதலை மாதிரி இருக்கும், ஆரஞ்சு புள்ளியோட. நாளெல்லாம் இதைத்தான் தின்னும். ஒண்ணுகூட இல்லையே?”

நான் என் காலைப் பார்த்தேன். செருப்பு இருந்தது. “அசைஞ்சுது. அடிச்சிட்டேன்” என்றேன்.

“எத்தனை?”

“எல்லாத்தையும்.”

சேஷாத்ரி சார் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். பாக்கெட்டிலிருந்து என் புகாரை எடுத்துப் பிரித்து, தூரமாகப் பிடித்து, நிதானமாகப் படித்தார். “‘யாருடைய பகுதியிலிருந்து விழுகிறதோ, அவர்கள்…’ இந்தத் தோட்டம் யாரோடது?”

எனக்கு நாக்கு எழவில்லை. அது ஏற்கெனவே நிறைய வேலை பார்த்திருந்தது. செல்விதான் சொன்னாள்: “எங்களுதுதான் சார்.”

“நான் கையெழுத்துப் போட்டா போட்டதுதான்” என்றார். கோபத்தில் சொல்லவில்லை. பூச்சிக் கழிவை விரலால் தொட்டுச் சாப்பிட்ட மனிதரின் அமைதி அது. “வசந்தா, நீ சொல்லும்மா. காகிதத்தக் கிழிச்சுடட்டுமா, வேண்டாமா?”

பக்கத்தில் ஷெட். தெருமுனையில் என் மகள் படிக்கிற பள்ளிக்கூடம். நான் வசந்தா அக்காவின் முகத்தையே பார்த்தேன். அவர் அவசரப்படவில்லை.

“இப்போ கிழிக்காதீங்க சார். ஒரு வாரம் இவரு வூடு தேடிப் பாக்கட்டும். அப்பாலிக்கா வந்து எங்கிட்ட சொல்லட்டும்.”

தேடினேன். மந்தைவெளியிலிருந்து அடையாறு வரை ஏறி இறங்கினேன். “என்ன வேலை?” என்பார்கள். மெக்கானிக் என்றதும் சுவரைப் பார்ப்பார்கள், கிரீஸ் கை பட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுகிற பார்வை. ஒரு வீட்டில் வீட்டுக்கார அம்மா உள்ளேயே இருந்துகொண்டு, ஆள் இல்லை என்று சொல்லச் சொன்னது என் காதிலேயே விழுந்தது. வழக்கமாக அங்கே ஒரு சண்டை போட்டிருப்பேன். அன்று திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மேலே போய்க் கதவைத் தட்டினேன். “கெடைக்கலக்கா” என்றேன்.

“எனக்கும் அந்த வாரம் கெடைக்கல பாஸ்கரு. எட்டு வூடு பாத்தேன்.”

அவ்வளவுதான் சொன்னார். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. தட்டிலிருந்து இரண்டு கமர்கட்டை எடுத்துக் கையில் வைத்து, “ஏலக்கா கீதான்னு பாத்து சொல்லு” என்றார். இருந்தது. நிறையவே இருந்தது. காகிதம் கிழிந்தது.

நடந்தது சந்தைத் தாண்டாது என்று நினைத்தேன். சேஷாத்ரி சார் தி. நகரில் வாய் திறந்திருக்க மாட்டார். அவருக்கும் மானம் இருக்கிறது. செல்விக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அவள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். கல்யாணப் பந்தியில் பாயசம் வரும்போதெல்லாம் என் மச்சான் ஒருவன், “மாமா, மேல பாத்துட்டுக் குடிங்க” என்பான். பந்தியே அண்ணாந்து பார்க்கும்.

கல்பனா இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். வருடா வருடம் தை மாதம் பிள்ளைகளை எங்கள் மொட்டை மாடிக்கு அழைத்து வருகிறாள். அதற்காகவே ஒரு அவரையை மருந்தடிக்காமல், சுவரை விட்டுத் தள்ளி, நடு மாடியில் நான் வளர்க்க வேண்டும். இது அவள் உத்தரவு. போன தடவை, லென்ஸ் கைமாறிக்கொண்டிருக்கும்போது, இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்கதான் வண்டிய நக்கின அங்கிளா?”

கல்பனாவைப் பார்த்தேன். அவள் வானத்தைப் பார்த்தாள்.

“ஆமா” என்றேன்.

“எப்பிடி இருந்துச்சு அங்கிள்?”

எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கலாம். சீ, வாந்தி வந்தது என்று சொல்லியிருந்தால் டீச்சருக்கும் நல்லது, பிள்ளைகளுக்கும் நல்லது. எனக்கு அப்படிப் பேச வராது.

“நல்லாத்தான் இருந்துச்சு” என்றேன்.

கல்பனா என்னைப் பார்த்து முறைத்து முடிப்பதற்குள் ஏழெட்டுப் பிள்ளைகள் கொடியை நோக்கி விரலை நீட்டிவிட்டார்கள்.